வாய் மூடியாச்சு

கழட்டிப் போட்டுவிடலாம், இதில் யோசிக்க என்ன கிடக்கிறது என்று பலவேசம் பத்தாவது தடவையாக நினைத்தான். நினைத்த கையோடு, அப்படியானால் ஏன்டா இன்னும் இதற்குள் உட்கார்ந்து வேகிறாய், எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று தன்னையே திட்டிக்கொண்டான். மணி ஒன்றரை. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டு நடுவில் ஓர் ஓடுபாதை, ஓரத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை, கொட்டகைக்குள் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று, அதன் இடதுபக்க சீட்டில் இவன். சித்திரை வெயில் தகரத்தில் இறங்கி, தகரத்திலிருந்து விமானத்தின் மண்டையில் இறங்கி, அங்கிருந்து இவன் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. ரெக்சின் சீட்டில் முதுகு ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து வைத்தும் பிரயோசனமில்லை, உள்ளே இருப்பதைவிடச் சூடான காற்றுதான் வெளியேயிருந்து வந்தது. கண்ணுக்கு நேரே, ஏசி சுவிட்சின்மேல், இவனே எழுதி ஒட்டிய காகிதம்: வேலை செய்யாது. ஒட்டி இரண்டு வருஷமாகிறது. வெயிலில் வெளுத்து இப்போது 'செய்யாது' மட்டும்தான் மிச்சம். காலையில் முதலாளி கோவர்த்தனன் இதே காகிதத்தைச் சுண்டிக் காட்டித்தான் கேட்டார். "பலவேசம், மே மாசத்துல இருந்து மத்தியானமும் பறக்கப் போறோம்யா. படிக்க வர்றது பூரா வெளியூர்ப் பிள்ளைக, இந்த வெக்கையில மயங்கி விழுந்துரும். ஒண்ணு இத ரிப்பேர் பண்ணு, இல்லையா, எதுக்கு வெட்டிச் சுமை, கழட்டி எறி. நடுவுல தொங்கப்போடாத. மூணு மணிக்கு வருவேன், ஒரே வார்த்தையில சொல்லணும்." சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கமும் போடுவார், நாசமாப் போக. லைசென்ஸ் வைத்திருக்கிற இன்ஜினியர் இவன்; ஆனால் இந்தப் பறக்கும் பள்ளிக்கூடத்துக்கு யார் வந்தாலும் அவர் வாயில் வருவது 'நம்ம மெக்கானிக்'. போகட்டும். ஒரே வார்த்தை. கழட்டிரலாம் சார். எத்தனை லேசான வார்த்தை. நாக்கில் வந்து நிற்கிறது, இறங்கத்தான் மாட்டேன் என்கிறது.

நியாயம் எல்லாம் அவன் பக்கம்தான் இருந்தது, அதுதான் அவனுக்கு எரிச்சலே. ஏசி சாமான் மொத்தமும் முப்பது கிலோ. ஒரு சிப்பம் அரிசிக்கு மேலேயே வரும். சித்திரை வெயிலில் காற்று இளகிக் கிடக்கும்போது இந்த இன்ஜின் தன்னையே தூக்கிக்கொள்ளத் திணறும். இதில் அரிசி மூட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏறு என்றால் எப்படி ஏறும்? போதாததற்கு அந்த வாய். விமானத்தின் வயிற்றில், வாலுக்குச் சற்று முன்னால், முறம் அளவுக்கு ஒரு கதவு. ஏசியைப் போட்டால் அது கீழே திறந்துகொண்டு வெளிக்காற்றை உள்ளே வாங்கும். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. கொட்டகையில் எல்லாருக்கும் அது வாய். வாய் திறந்திருந்தால் காற்று பிடித்துப் பின்னால் இழுக்கும், மேலே ஏறாது. அதனால் கிளம்பும்போது பைலட் இன்ஜின் லீவரை முழுசாகத் தள்ளியதும், லீவருக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் ஒன்று அழுந்தும். அழுந்தினால் ஏசி தானாக நிற்கும், வாய் தானாக மூடும். ஏதோ காரணத்தால் மூடவில்லை என்றால் சிவப்பு லைட் எரியும். ஆக எல்லாம் அந்தக் குட்டி சுவிட்சின் கையில். கட்டைவிரல் நகம் அளவுகூட இருக்காது, சவம். இந்த ஊரில் ஏசினான் என்றால் திட்டினான் என்று அர்த்தம். விமானம் வந்த புதிதில் வாட்ச்மேன் கேட்டான், அண்ணாச்சி, வண்டிக்குள்ள ஏசி இருக்குங்காகளே, யார யார் ஏசுதது? எல்லாரும் சிரித்தார்கள். பலவேசமும் சிரித்தான். இன்றைக்கு நினைத்தால் அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்தச் சனியன் வந்த நாள் முதல் யாராவது யாரையாவது ஏசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கழட்டிவிட்டால் மூட்டை இறங்கும், வாயும் போகும், எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் காகிதத்தில் எழுதிக் காட்டலாம். ரிப்பேர் என்றால் சென்னையிலிருந்து ஆள் வருவான். வியாழக்கிழமை வருவான், ஒவ்வொரு சுவிட்சாகத் திறந்து பார்ப்பான். லீவருக்கு அடியில் இருப்பதையும் திறந்து பார்ப்பான். கழட்டுவது என்றால் வெளி ஆள் வேண்டாம், இவன் ஒருத்தனே போதும். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, அரை நாளில் முடித்துவிடலாம். மூட்டைக்காகக் கழட்டுகிறானா, தனியாக இருக்கலாம் என்று கழட்டுகிறானா? மூட்டைக்காகத்தான், வேறென்ன. சத்தியமாக மூட்டைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே முழங்காலுக்குப் பக்கத்தில், லீவர் பெட்டியின் அடியில், நாலு திருகாணி போட்ட தகட்டைப் பார்க்காமல் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

பார்க்காவிட்டால் என்ன, கேட்குமே. 'வாய் மூடியாச்சு' என்று அந்தப் பொம்பிளை சொல்வாள். கேப்டன் பெனிட்டா, தூத்துக்குடிக்காரி, இங்கே பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவள். லீவரைத் தள்ளி, மீட்டர்களைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் அதைச் சொல்வாள். வாக்கிடாக்கியில் கொட்டகைக்கே கேட்கும். மற்றதெல்லாம் இங்கிலீஷ், இது ஒன்று மட்டும் தமிழ். பிள்ளைகள் சிரிப்பார்கள். இவனுக்குச் சிரிப்பு வராது. ஒவ்வொரு தடவையும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று தோன்றும். ஏன் தோன்றாது? வாய்க்கு வாய் அண்ணாச்சி, அண்ணாச்சி. ஆனால் குறை எழுதுகிற நோட்டில் அண்ணாச்சியாவது ஆட்டுக்குட்டியாவது. ஏசி ஓடுபாதையிலேயே நின்று நின்று போகிறது. மறுபடியும் நின்றது. மூன்றாம் முறையாக நின்றது, கவனிக்கவும். கவனிக்கவுமாம்! அந்தக் குட்டி சுவிட்ச் கொஞ்சம் அவசரக்குடுக்கை, லீவரை முக்கால்வாசி தள்ளினாலே அழுந்திவிடும், ஏசி நின்றுவிடும், அவ்வளவுதான் விஷயம். வேறு சுவிட்ச் வர இரண்டு மாதம் ஆகும் என்று சொன்னான். கோவர்த்தனன் காதில் வாங்கவில்லை. "எதையாவது செஞ்சு ஓட்டுய்யா." எதையாவது. கோவில்பட்டிக்காரனுக்கு எதையாவது என்றால் என்ன தெரியும்? மேசை ஆடுகிறதா, தீப்பெட்டியை மடக்கிக் காலுக்கு அடியில் வை. ஜன்னல் அடிக்கிறதா, தீப்பெட்டியை மடக்கிச் செருகு. தையல் மிஷின் தடதடக்கிறதா, அதற்கும் அதுதான். ஊர் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ், மதினி பதினெட்டு வருஷமாகப் பெட்டிக்குள் குச்சி அடைக்கிறாள், வீட்டில் தடுக்கி விழுந்தால் தீப்பெட்டி. சட்டைப் பையில் ஒன்று கிடந்தது, முயல் படம் போட்டது. நாலாக மடக்கினான். சுவிட்சுக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே செருகினான். சுவிட்ச் ஒரு அரைக்கால் இம்மி தள்ளிப்போனது. லீவர் கடைசிக் கோட்டுக்கு வந்தால்தான் அழுந்தும். நடுவில் ஏசி நிற்காது. புது சுவிட்ச் வரும்வரைக்கும்தான், அப்புறம் எடுத்துவிடலாம். அடுத்த நாள் நோட்டில் அவள் எழுதினாள்: ஏசி அருமை, அண்ணாச்சிக்கு நன்றி. படித்துவிட்டு அன்று முழுக்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எடுத்தானா என்பதுதான் கேள்வி. புது சுவிட்ச் வரவே இல்லை. ஆனால் அட்டையை எடுத்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது. கையில் நாலாக மடிந்த அட்டை, வியர்வையில் ஊறி, முயலின் காது மட்டும் தெரிகிறது. அதைக் குப்பைக்கூடையில் போடுகிறான். போட்டது இந்த விமானத்திலிருந்து எடுத்ததையா, ஆபீஸ் மேசைக்கால் அடியிலிருந்து எடுத்ததையா? மேசையை மாற்றியதும் அந்த மாதம்தானே. முயல் படம் எல்லாப் பெட்டியிலும்தானே இருக்கிறது. இரண்டு வருஷமாக இந்த முயலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். எடுத்துவிட்டேன் என்று நினைக்கிற நாட்களில் சோறு இறங்கும், பெண்டாட்டி செல்லக்கனியிடம் சிரித்துப் பேசுவான். எடுக்கவில்லை என்று தோன்றுகிற நாட்களில் அவள் தண்ணீர்ச் செம்பை வைக்கிற சத்தத்துக்கே எரிந்து விழுவான். "ஒமக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். நாலு திருகாணி. பையில் ஸ்க்ரூ டிரைவர். இரண்டு நிமிஷ வேலை. இரண்டு வருஷத்தில் இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லையா? விபத்துக்குப் பிறகு முதலில் பத்து நாள் விமானத்தைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள், யாரும் தொடக்கூடாது. அப்புறம் விசாரணைக்கு ஆள் வந்தார், பெரிய ஆபீசர், இதே மாதிரி வெயில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லீவரைக் காட்டி, இதுக்கு அடியில உள்ள சுவிட்சைப் பார்த்தீங்களா என்று கேட்டார். பார்த்துட்டேன் சார், சரியா இருக்கு. கேட்ட மூச்சு அடங்குவதற்குள் சொல்லிவிட்டான். இளநீர் வெட்டி வந்திருந்தது, அவர் அதைக் குடிக்கப் போனார். குடித்துவிட்டு எழுதினார். ஏசியை நிறுத்தாமல் கிளம்பியது பைலட்டின் கவனக்குறைவு. அப்புறம் நொறுங்கிய சக்கரத்தையும் முன்விசிறியையும் மாற்றினான், வயிற்றுத் தகட்டை மாற்றினான், கேஸ் போன ஏசிக்கு மட்டும் காகிதத்தை ஒட்டினான். ஏசியே ஓடாதபோது அதன் சுவிட்சைத் திறந்து பார்ப்பானேன்? பார்க்காதவரைக்கும் அட்டை இருக்கவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. இன்றைக்குக் கழட்டிவிட்டால், திறந்து பார்க்காமல் எல்லாச் சாமானோடும் சேர்த்து மூட்டை கட்டிப் போட்டுவிட்டால், அப்புறம் எப்போதும் பார்க்க வேண்டாம். அவ்வளவுதானே. அதற்கு ஏன் இன்னும் எழுந்திருக்க மனசு வரவில்லை?

ஏனென்றால் அவள் சொன்னாள். அதே ஆபீசரிடம், காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, கத்தாமல் சொன்னாள். "சார், சிவப்பு லைட் எரியல. எரியலன்னா மூடியிருக்குன்னுதான் அர்த்தம். வாய் மூடியாச்சுன்னு நான் சொன்னேன், வாக்கிடாக்கியில கேட்டிருக்கும், அண்ணாச்சிட்ட கேளுங்க." அண்ணாச்சியிடம் கேட்டார்கள். சொன்னாங்க சார் என்றான். அது உண்மை. உண்மையைச் சொன்னதில் ஒரு நிம்மதிகூட வந்தது, பார். லைட்டும் அந்தக் குட்டி சுவிட்ச் வழியாகத்தான் எரியும், சுவிட்ச் அழுந்தாவிட்டால் லைட்டுக்கு எப்படித் தெரியும் என்று இவன் சொல்லவில்லை. அதைக் கேட்கவும் இல்லையே. கேட்டால்தானே சொல்ல? அவள் வேலை போனது. அவளோடு போன பெண் பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, ஊருக்குத் திரும்பிப் போய், அப்புறம் பறக்கவே இல்லையாம். பெனிட்டாவை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் யார் சேர்ப்பார்கள்? தூத்துக்குடியில் அவள் அப்பாவுக்கு ஐஸ் பாக்டரி. மீன் படகுகளுக்கு ஐஸ் கேட்டு வருகிற போனை எடுக்கிறாளாம். எடுக்கட்டுமே. குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறாள், இங்கே நான்தானே வேகிறேன். இப்படி நினைத்ததும் அவனுக்குத் தன் மேலேயே ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. இவ்வளவும் நினைக்கிற மனசு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போகாமல் ஓரத்திலேயே சுற்றுகிறதே, ஏன்? அட்டையை மட்டும் பேசுகிறாயே, மற்றதைப் பேசு. அன்றைக்கு எங்கே நின்றாய், அதைப் பேசு.

அன்றைக்கு அவன் ஓடுபாதை ஓரத்தில் நின்றான். ஒரு கையில் டீ, ஒரு கையில் வாக்கிடாக்கி. காலையில்தான் அவள் பிள்ளைகள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தாள்: "அண்ணாச்சி போட்ட ஏசியும் அண்ணாச்சிய மாதிரியேதான், ஒரு நேரம் குளுரும், ஒரு நேரம் கொதிக்கும்." பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாள், அது இவனுக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சுக்குள் போட்டுக் கிண்டிக்கொண்டே நின்றான். விமானம் திரும்பியது, இன்ஜின் கத்தியது, ஓட ஆரம்பித்தது. வாக்கிடாக்கியில் வாய் மூடியாச்சு என்று கேட்டது. இவன் வயிற்றைப் பார்த்தான். மூடவில்லை. முறம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தி, நிப்பாட்டுங்க மேடம் என்று சொன்னால் போதும், பாதி ஓடுபாதை பாக்கி இருக்கிறது, நின்றிருப்பாள். சொல்லவில்லை. திணறட்டும் என்று நினைத்தான். நன்றாகத் திணறி, மெதுவாக ஏறி, எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டு இறங்கட்டும், அப்புறம் தெரியும் யார் கொதிக்கிறார்கள் என்று. மூன்று விநாடி இருக்குமா? நாலு? இரண்டு வருஷமாக எண்ணிப் பார்க்கிறான், ஒரு நாளும் நாலுக்கு மேல் போகவில்லை. அதற்குள் பாதி ஓடுபாதை தீர்ந்துவிட்டது. விமானம் கொஞ்சம் எழும்பியது, மறுபடி அமர்ந்தது, வேலியை அறுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்ப் படுத்தது. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, மாதா கோயில் வாசலில் நின்றுகூடச் சொல்வான். ஆனால் அவமானப்பட வேண்டும் என்று நினைத்தான், அதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றான். விமானத்தின் வாய் திறந்து கிடந்தது, இவன் வாய் மூடியிருந்தது. அட்டை பிசகு, அதை யாரும் செய்வார்கள். இது பிசகு இல்லை. இதற்கு எந்தக் காகிதத்திலும் இடம் கிடையாது, அதனாலேயே இது அவனுக்குள்ளேயே கிடந்து அழுகியது.

மணி இரண்டு பத்து. அவன் கை தானாகப் பைக்குள் போனது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது. யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டான். குனிந்தான், வியர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. முதல் திருகாணி லேசாக வந்தது, இரண்டாவது துருப்பிடித்து அடம்பிடித்தது, எளவே வா என்று திருகினான், வந்தது. நாலும் வந்ததும் தகடு தொங்கியது. டார்ச்சை அடித்தான். இருந்தது. முயல் வெளுத்துப் போயிருந்தது, காது மட்டும் தெரிந்தது. அட்டை ஒரு பக்கமாக நழுவி, சுவிட்சை ஒருக்களித்துத் தள்ளியிருந்தது. லீவரை முழுசாகத் தள்ளிப் பார்த்தான், கடைசிக் கோடுவரை போயும் சுவிட்சைத் தொடக்கூட இல்லை. விரலை நீட்டினால் போதும். நீட்டினான். அட்டைக்கு ஒரு நெல் தூரத்தில் விரல் நின்றது. இப்போது எடுத்தால் யாருக்கும் தெரியாது, உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. எடுத்துவிட்டு மூணு மணிக்கு நியாயமாக, மூட்டைக் கணக்கோடு, கழட்டிரலாம் சார் என்று சொல்லலாம். அதுவும் சரியான முடிவுதான், எவனும் குறை சொல்ல முடியாது. விரலை உருவிக்கொண்டான். போனை எடுத்தான். ஈரக் கையில் இரண்டு தடவை தப்பான இடம் அழுந்தியது.

"ஐஸ் பாக்டரி," என்றது அந்தக் குரல். பின்னால் ஐஸ் கட்டி உடைக்கிற சத்தம்.

"மேடம், பலவேசம் பேசுதேன். கோவில்பட்டி."

ஐஸ் உடைந்துகொண்டே இருந்தது.

"மேடம், அன்னைக்கு வாய் மூடல. உங்க மேல தப்பு இல்ல. லீவருக்கு அடியில சுவிட்சுல நான் தீப்பெட்டி அட்டைய வச்சிருந்தேன். அதனாலதான் லைட்டும் எரியல. இன்னும் அங்கனதான் இருக்கு, நான் தொடல." மூச்சு வாங்கியது. "இன்னொண்ணும் இருக்கு. வாய் திறந்திருந்தத நான் பாத்தேன். கையில வாக்கிடாக்கி இருந்துச்சு. உங்க மேல உள்ள கோவத்துல சொல்லாம நின்னேன்."

ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது. அங்கே அவள் யாரையோ கையமர்த்தியிருக்க வேண்டும். ஏசுவாள் என்று காத்திருந்தான். நன்றாக ஏசட்டும், நாலு தலைமுறையை இழுத்து ஏசட்டும், வாங்கிக்கொண்டால் கொஞ்சம் ஆறும். அவள் ஏசவில்லை, அந்த ஆறுதலைக்கூடக் கொடுக்கவில்லை.

"அந்த வாய் இப்ப திறக்குமா?" என்றாள்.

"திறக்கும் மேடம். ஏசிதான் ஓடாது. பேட்டரியப் போட்டா வாய் திறக்கும்."

"திறந்து வைங்க. லீவர முழுசா தள்ளியே வைங்க. நான் வந்து பாக்கணும், எங்கூட வக்கீலும் பாக்கணும். ரெண்டரை பஸ்ஸுக்கு ஏறுதேன். நான் வர்ற வரைக்கும் மூடக்கூடாது." அண்ணாச்சி என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போன் நின்றது.

பலவேசம் 'செய்யாது' என்ற காகிதத்தைக் கிழித்தான். பேட்டரியைப் போட்டான், லீவரைக் கடைசிவரை தள்ளினான், ஏசி சுவிட்சைத் தட்டினான். வயிற்றுக்கு அடியில் மோட்டார் முனகி, கதவு தடக்கென்று இறங்கியது. சிவப்பு லைட் எரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான். இப்போதும் வெந்துகொண்டுதான் இருந்தது, வியர்வை அதுபாட்டுக்கு ஓடியது, துடைக்கத் தோன்றவில்லை.

மூணு மணிக்கு கோவர்த்தனன் வந்தார். தூங்கி எழுந்த முகம், சட்டையில் சந்தன வாசம். விமானத்தைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"என்னய்யா முடிவு பண்ணுன? ரிப்பேரா, கழட்டவா?"

"கழட்டிரலாம் சார். இன்னைக்கு இல்ல."

"சரி, அதுக்கு எதுக்கு வாயத் தொறந்து வச்சிருக்க? பேட்டரி இறங்கிரும்ல. மூடுய்யா."

"மூட மாட்டேன் சார்," என்றான் பலவேசம்.